மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்தில்: "கஷ்டம்" என்று சொல்லவே கூடாதா?

2025 பெப்ரவரி 8, சனி இரவு. வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயின் கேள்வி

மகளுக்கு மார்ச்சில் ஓ.எல். பரீட்சை. கணக்கு அவளுக்கு வராது. போன வாரம் "அம்மா, நான் கணக்கில பெயிலாகிடுவன் போல இருக்கு" என்று அழுதாள். இதை ஜெபக்குழுவில் சொன்னேன். ஒரு சகோதரி என் வாயைப் பொத்தாத குறைதான். "அப்படிச் சொல்லவே கூடாது. நீதிமொழிகள் 18:21 தெரியாதா? வாயால் சொன்னது அப்படியே நடக்கும். பெயில் என்ற சொல்லையே வீட்டில் எடுக்க வேண்டாம். நூறு மார்க் என்று தினமும் அறிக்கை செய்ய, அதாவது விசுவாசத்தோடு வாய்விட்டுச் சொல்ல, சொல்லுங்கள்" என்றார். அதையே மகளிடம் சொன்னேன். இப்போது அவள் என்னிடம் கணக்கைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. வசனம் அப்படித்தான் சொல்கிறதா?

பெப்ரவரி 9, ஞாயிறு பிற்பகல்

அக்கா, உங்கள் கேள்வியில் கடைசிக்கு முந்திய வரியில் என் கண் நின்றுவிட்டது. அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். முதலில் அதைக் கவனியுங்கள், வசனத்தை நான் பார்க்கிறேன்.

"மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்." அதிகாரம் என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது கை என்ற சொல். மரணமும் ஜீவனும் நாவின் கையில். அந்த வசனத்துக்கு மேலே நாலு வரி வாசித்துப் பாருங்கள். 17ஆம் வசனம் வழக்கில் முதலில் பேசுகிறவனைப் பற்றியது. 18 சீட்டுப் போட்டு விரோதத்தைத் தீர்ப்பது. 19 கோபங்கொண்ட சகோதரனை வசப்படுத்துவது அரணான பட்டணத்தைப் பிடிப்பதைவிட அரிது என்கிறது. இவ்வளவும் ஒருவன் இன்னொருவனுக்கு முன்னால் நின்று பேசும் இடங்கள். சாட்சி சொல்கிறவனின் நாக்கில் எதிரே நிற்பவனின் உயிர் தொங்கும் இடங்கள். தனியாக அறைக்குள் நின்று "நூறு மார்க், நூறு மார்க்" என்று சொல்லி வினாத்தாளை மாற்றலாம் என்பது அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

வியாதி என்று வாயால் சொல்லக்கூடாது என்றும் சிலர் போதிக்கிறார்கள். பவுல் தன் கடைசி நிருபத்தில் "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதியிருக்கிறார். சுற்றிவளைக்கவில்லை. கெத்செமனேயில் ஆண்டவரே "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று மூன்று பேரிடம் வாய்விட்டுச் சொன்னார். உங்கள் மகள் உங்களிடம் செய்ததும் அதுதான்.

பெப்ரவரி 9, இரவு

ஒன்று விட்டுப்போனது. எண்ணாகமம் 13. கானானைப் பார்த்துவிட்டு வந்த பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் பொய் சொல்லி ஜனங்களின் இருதயத்தைக் கரைத்தார்கள், அதனால் நாற்பது வருடம் வனாந்தரம். சொல்லுக்குள்ள வல்லமைக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

பெப்ரவரி 11

மேலே நான் எழுதியது பிழை. பொய் என்று எழுதிவிட்டேன். நேற்று பஸ்ஸில் போகும்போது அந்த அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். அந்தப் பத்துப் பேர் முதலில் சொன்ன விபரம் சரிதான். பட்டணங்கள் அரணானவை, பெரியவை, ஜனங்கள் பலவான்கள், பழம் நல்லது. ஒரு குலையை இரண்டு பேர் தடியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மற்ற இரண்டு பேரில் ஒருவனான காலேபும் இதை மறுக்கவில்லை.

சறுக்கியது கடைசி வரியில்: "நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம், அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம்." இராட்சதரின் கண்ணுக்குள் போய்ப் பார்த்தார்களா? தங்களுக்குத் தாங்களே வைத்த பெயரை அடுத்தவன் வாயில் வைத்துப் பேசினார்கள்.

அதனால் அக்கா, "கணக்கு கஷ்டம்" என்பது மதில் உயரம் என்று சொல்வது. அதைச் சொல்லவிடுங்கள். "நான் மொக்கு" என்று சொன்னால் அதுதான் வெட்டுக்கிளி, அங்கே மறித்துப் பேசுங்கள். மத்தேயு 5:22இல் சகோதரனை "மூடனே" என்று சொல்வதைக் கொலையின் பக்கத்தில் வைத்து ஆண்டவர் பேசுகிறார். நம் வீடுகளில் "மொக்கு" என்பது தேத்தண்ணிக்குச் சீனி போடுகிற மாதிரி விழுகிறது.

பெப்ரவரி 12

தெஹிவளையிலிருந்து எழுதிய அண்ணா கேட்கிறார்: "அப்படியானால் வார்த்தைக்கு வல்லமையே இல்லை என்கிறீர்களா?"

இல்லை அண்ணா. நிறைய இருக்கிறது. அது கேட்கிறவரின் உடம்பில் வேலை செய்கிறது. சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன்.

1987, எனக்குப் பதினாலு வயது. நத்தார் கரோலுக்குப் பாடற்குழுவில் சேர்த்தார்கள். சபை எது, நடத்தியவர் யார் என்பது வேண்டாம். மூன்றாம் பயிற்சியில் அவர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். என் பக்கத்தில் வந்து, கோபமே இல்லாமல், தாழ்ந்த குரலில் சொன்னார்: "மகள், நீ வாயை மட்டும் அசை. சத்தம் வரவேண்டாம்." மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. என்னை அவமானப்படுத்த வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். கரோல் நன்றாக நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

நான் அந்த வருடம் வாயை அசைத்தேன். அடுத்த வருடமும் அசைத்தேன். இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, ஆராதனையில் இன்னும் அசைத்துக்கொண்டிருக்கிறேன். சமையலறையில் பிரஷர் குக்கர் கூவும்போது மட்டும் பாடுவேன். ஒரு மனிதர் அரை நிமிடத்தில் சொன்ன சொல். அவர் இறந்துவிட்டார்.

தீயினால் சுட்ட புண் உள்ளாறும் என்ற குறளைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியபோது நாவின் சூடு என்றால் வசை, ஏச்சு என்றுதான் நினைத்தேன். மெதுவாகச் சொன்ன சொல்லும் சுடும் என்பது எனக்கு அந்தப் பயிற்சியில் தெரிந்தது.

பெப்ரவரி 14

இரண்டு நாளாக இந்த இழையைத் திறந்து மூடுகிறேன். எழுதவா வேண்டாமா என்று இருந்தது. எழுதுகிறேன்.

எங்கள் அப்பா 21ஆம் வசனத்தை வாசிக்கும்போது அடுத்த வரிக்குப் போகமாட்டார். கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். 1983 ஜூலை 25, திங்கட்கிழமை, தமிழருக்கு எதிரான கலவரம். அப்பா கோட்டையில் வேலை. மதியத்துக்கு முன்பே புகை தெரிந்தது. பஸ் இல்லை, காலி வீதியால் நடந்து வந்தார். கூட வேலை செய்த ஒரு சிங்கள நண்பரும் அவரோடு நடந்தார். அவருடைய வீடு அந்தப் பக்கமே இல்லை. பம்பலப்பிட்டி கிட்டப் பத்துப் பதினைந்து பேர் மறித்தார்கள். வாளிக்குச் சிங்களத்தில் 'பால்திய' என்பார்கள். அதைச் சொல்லச் சொன்னார்கள். தமிழில் எழுதும்போது வித்தியாசமே தெரியாத சொல். நமக்கு ப ஒன்றுதான், த ஒன்றுதான். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

நியாயாதிபதிகள் 12இல் யோர்தான் துறையில் நடந்தது இதேதான். தப்பிவரும் எப்பிராயீமியனிடம் கீலேயாத்தியர் ஷிபோலேத் என்று சொல் என்பார்கள், அவன் சிபோலேத் என்பான், பிடித்து வெட்டிப்போடுவார்கள். எப்பிராயீமில் 42,000 பேர். ஒரே மொழி பேசிய, ஒரே தேவனைக் கும்பிட்ட சகோதரர்கள். ஞாயிறு பாடசாலையில் அந்தப் பகுதியை நான் படிப்பித்ததே இல்லை.

அப்பா வாயைத் திறக்கும் முன் அந்த நண்பர் முன்னால் போய் நின்று சொன்னார்: "மெயா அபே கெனெக்." இவர் நம்முடைய ஆள். மூன்று சொல். அவர்கள் விட்டுவிட்டார்கள். அன்றைக்குக் கொழும்பில் எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

அது பொய்தானே என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். "அவனுக்கு அது பொய்யில்லை மகள்" என்றார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

இன்று வகுப்பில் பர்னபா. அப்போஸ்தலர் 4:36: சீப்புருதீவைச் சேர்ந்த லேவியன், இயற்பெயர் யோசே. ஆறுதலின் மகன் என்று பொருள்படும் பர்னபா என்ற பெயரை அவனுக்கு அப்போஸ்தலர்தான் வைத்தார்கள். ஆறுதல் என்றால் என்ன பிள்ளைகளே என்று கேட்டேன். ஒருவன் கையை உயர்த்தி "பனடோல்" என்றான். எல்லாரும் சிரித்தோம். அவனுக்குப் பக்கத்திலிருந்த சின்னவள் சிரிக்காமல், "காய்ச்சல் நேரம் அம்மா நெத்தியில கை வைக்கிறது" என்றாள். அதற்குப் பிறகு எனக்குப் பாடம் எடுக்கத் தேவை வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்த வசனத்தில் ஆறுதலுக்கு நிற்கும் கிரேக்கச் சொல் பராக்லேசிஸ். பரா என்றால் அருகே, கலேயோ என்றால் அழை. அருகே அழைத்தல். உற்சாகப்படுத்துவது என்றால் நாம் "சூப்பர், கலக்குறீங்க, ஆமென்" என்று வெளியே நின்று கைதட்டுவதை நினைக்கிறோம். பர்னபா என்ன செய்தான்? சவுல், பிற்பாடு பவுல், எருசலேமுக்கு வந்தபோது எல்லாரும் பயந்து ஒதுங்கினார்கள். 9:27இல் பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் அழைத்துக்கொண்டு போனான். மெயா அபே கெனெக். அதற்கும் முன்னால் தமஸ்குவில் அனனியா. தன் சபையைப் பிடித்துக் கட்டிக்கொண்டு போக வந்தவனின் தலையில் கை வைத்து அவன் எடுத்த முதல் சொல் "சகோதரனாகிய சவுலே." அந்தச் சொல் தொண்டையை விட்டு வெளியே வர எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்.

மாற்கு விஷயத்திலும் அப்படித்தான். முந்திய ஊழியப் பயணத்தில் பாதி வழியில் விட்டுப்போனவன் வேண்டாம் என்றார் பவுல், அவனும் வரட்டும் என்றான் பர்னபா. அந்தச் சண்டையில் இரண்டு பேரும் பிரிந்தே போனார்கள். வருடங்கள் கழித்து அதே பவுல் எழுதுகிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்."

பெப்ரவரி 17

தெஹிவளை அண்ணா விடுவதாக இல்லை: எல்லாரையும் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் யார் திருத்துவது?

நியாயமான கேள்வி. பவுல் அந்தியோகியாவில் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்தார். "சிநேகிதன் அடிக்கும் அடிகள் உண்மையானவைகள்." கண்டிக்கலாம். ஆனால் கண்டிக்கிறவர் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். ஏலியைப் பாருங்கள். அன்னாள் பிள்ளை கேட்டு, சத்தமில்லாமல் உதடு அசைத்து ஜெபிக்கிறாள். (உதடு மட்டும் அசைப்பது. இந்த இடம் என்னை எப்போதும் பிடித்து நிறுத்தும்.) ஆசாரியன் வாசலண்டை ஆசனத்தில் இருந்தபடி அவளைக் குடிகாரி என்று முடிவுகட்டி, "நீ எந்தமட்டும் வெறித்திருப்பாய்?" என்கிறார். அவள் விளக்கம் சொன்னதும் அதே வாய் "சமாதானத்துடனே போ" என்கிறது. அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. பிள்ளை இன்னும் கருவில்கூட இல்லை. கேட்டது கிடைக்கும் முன்பே முகம் மாறிவிட்டது.

ஏலியிடம் எனக்குப் பிடித்தது, அவர் தன் முதல் சொல்லில் பிடிவாதமாக நிற்கவில்லை.

பெப்ரவரி 20

வெள்ளவத்தை அக்காவுக்கு மட்டும்: ஆமாம், நீங்களே போய்ப் பேசலாம். "நான் அன்றைக்கு உன்னைப் பேசவிடவில்லை" என்று ஆரம்பியுங்கள். வசனம் வேண்டாம்.

பெப்ரவரி 23, ஞாயிறு

துக்க வீட்டில் என்ன சொல்வது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அந்த வாரம் கொட்டாஞ்சேனையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வெள்ளைக் கொடி. ஒரு வீட்டில் இரண்டு பெட்டி. நான் போயிருந்தபோது வந்த ஒருவர் தாயின் கையைப் பிடித்து, "நல்ல ஆத்துமாக்களைத்தான் ஆண்டவர் முதலில் எடுப்பார்" என்றார். அந்தத் தாய் கையை இழுத்துக்கொண்டது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சொன்னவர் நல்ல மனிதர். அவருக்கும் தாங்கவில்லை, ஏதாவது சொல்லிவிட்டு அந்த வேதனையை மூட வேண்டியிருந்தது.

யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவனோடு உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள் சரியாகவே செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் யோபு, "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று சொல்ல வேண்டி வந்தது. தேற்றரவாளர். நம் தமிழ் வேதத்தில் யோவான் 14இல் பரிசுத்த ஆவியானவருக்கும் அதே பெயர்தான்: தேற்றரவாளன். ஒரே சொல் யோபின் பக்கத்தில் அலட்டு, யோவானின் பக்கத்தில் "என்றென்றைக்கும் உங்களுடனே இருக்கும்படி." கூட இருப்பதில்தான் இரண்டும் பிரிகின்றன என்று எனக்குப் படுகிறது.

தம்பி, கஞ்சி கொண்டுபோங்கள். பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுபோங்கள். இருங்கள்.

பெப்ரவரி 24

அதே தம்பி தனிச்செய்தியில் வேறொன்றும் சொன்னார். அவர் அனுமதியோடு, அவர் யார் என்று தெரியாதபடி எழுதுகிறேன். வீட்டில் ஒருவர் "இருந்து என்ன" என்று அடிக்கடி சொல்கிறாராம். அதை அறிக்கை, எதிர்அறிக்கை என்று சமாளிக்க வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள், சாக நினைக்கிறீர்களா என்று நேரடியாகவே கேளுங்கள். இலங்கையில் 1926 என்ற எண்ணுக்கு எடுத்தால் மனநல உதவி கிடைக்கும். சுமித்ரயோ என்ற அமைப்பு 1974 முதல் கொழும்பில் இந்த வேலை செய்கிறது. புத்திமதி சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பதுதான் அவர்கள் முறை. போதகரையும் கூப்பிடுங்கள், டாக்டரையும் கூப்பிடுங்கள்.

மார்ச் 2, ஞாயிறு

என் கரோல் கதையைத் திரும்ப வாசித்தேன். வாசிக்க வாசிக்க வயிற்றுக்குள் ஏதோ செய்தது.

2009 நத்தார் நாடகம். என் வகுப்பில் ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும். பேச்சுத் திக்கும். யோசேப்பாக நடிக்க ஆசைப்பட்டான். வசனமெல்லாம் பாடமாக்கியிருந்தான். மற்றப் பிள்ளைகள் சிரித்து அவன் மனம் நோகக்கூடாதே என்று நான் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னேன்: "நீ மேய்ப்பனாக நில், மகன். வசனம் வேண்டாம். நின்றாலே போதும்." தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

எனக்குச் சொன்னதையே நான் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். பதினைந்து வருடமாக அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு இரவு

நேற்று அந்தப் பையனைத் தேடிப் போனேன். புறக்கோட்டையில் போன் திருத்தும் கடை, மாடிப்படிக்குக் கீழே சின்ன இடம். என்னைக் கண்டதும் எழும்பி "மிஸ்" என்றார். என் போனில் பிழை ஒன்றும் இல்லை, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். நத்தார் நாடகத்தைச் சொன்னேன். மறந்திருப்பார் என்று ஒரு நப்பாசை எனக்கு. மறக்கவில்லை. எந்த வரியில் யோசேப்பு மேடைக்கு வர வேண்டும் என்பதுகூட ஞாபகம் இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லத் தொடங்கி, முதல் சொல்லிலேயே நின்றுவிட்டார். நான் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுக்கவில்லை. இதை எழுதும்போது சின்ன விஷயமாகத் தெரிகிறது. அங்கே நின்றபோது பெரிய வேலையாக இருந்தது, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடைசியில் அவரே சொன்னார்: "பரவாயில்லை மிஸ்." பிறகு, "பரவாயில்லை என்றில்லை. ஆனா வந்தீங்க."

லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு வேதபாடம் வாசிக்க வருவீர்களா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றார். யோசிக்கட்டும்.

மார்ச் 10

"அவர் வராவிட்டால்?" என்று யாரோ கேட்டிருக்கிறீர்கள். வராவிட்டாலும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான். அவரைக் கொண்டு என் மனதை ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறேனோ என்றும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அதற்காகவே அவருக்கு மறுபடி போன் எடுக்காமல் இருக்கிறேன்.

மார்ச் 27

வெள்ளவத்தை அக்கா எழுதியிருக்கிறார். பரீட்சை முடிந்தது. கணக்கு வினாத்தாள் அன்று மகள் வெளியே வந்து, "கஷ்டம்தான் அம்மா, கடைசிக் கேள்வி செய்யல்ல" என்றாளாம். அம்மா பையை வாங்கிக்கொண்டு பசிக்குதா என்று கேட்டாராம். வழி நெடுகச் செய்யாத அந்தக் கேள்வியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாளாம். பேசுகிறாளே அக்கா.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவர் வந்தார். வெள்ளிக்கிழமை அவரே போன் எடுத்து, தான் எந்தப் பகுதி வாசிக்கப் போகிறார் என்று சொல்லிவிட்டார்: யாத்திராகமம் 4, 10 முதல் 12 வரை. போதகரும் சம்மதித்தார்.

பத்தாம் வசனம், மோசே பேசுகிறான். "நான் வாக்குவல்லவன் அல்ல" வரை ஒருமாதிரி வந்தார். அடுத்தது "நான் திக்குவாயும்." அங்கே நின்றுவிட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முன் வாங்கில் இருந்த பெரியவர், நல்ல மனதோடுதான், அந்தச் சொல்லை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். அவருடைய மனைவி அவர் முழங்காலில் கையை வைத்தார். பெரியவர் வாயை மூடிக்கொண்டார்.

எல்லாரும் இருந்தோம். அவர் "திக்குவாயும்" என்றார், "மந்தநாவும்" என்றார், "உள்ளவன்" என்றார். மூச்சு எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் வசனம் வரை போனார்: "நான் உன் வாயோடே இருந்து, நீ பேசவேண்டியதை உனக்குப் போதிப்பேன்."

வேதத்தை மூடிவிட்டு, அவசரப்படாமல் நடந்து வந்து, தன் இடத்தில் உட்கார்ந்தார்.